முன்பக்கம் இல்லாத படகு

ஓய்வு பெற்றோர் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, "சார், நீங்க ஆத்துல விழுந்த கதையை எழுதிக் குடுங்க, எல்லாரும் ரசிப்பாங்க" என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் ஆற்றில் விழவில்லை, ஐயா. இறங்கினேன். விழுவதற்கும் இறங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் எல்லாம் என் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

துறையில் அந்தக் கதை எப்படிச் சுற்றுகிறது தெரியுமா? மீன்துறை ஆய்வாளர் பழனிச்சாமி புது அலுமினியப் படகில் ஏறினாராம். தலைகுப்புற விழுந்தாராம். மேலதிகாரி கரையில் குடை பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம். அந்த ரோஷத்தில் இவர் அழகான படகைத் தள்ளிவிட்டு மாட்டுத் தொட்டி மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். இதில் குடை மட்டும் நிஜம். தொட்டியும் ஓரளவு நிஜம். மற்றதெல்லாம் கேண்டீனில் கட்டிவிட்டது.

வந்தவர்களில் ஒருவர் இன்னும் வேலையில் இருப்பவர். "இப்பல்லாம் ஃபைபர் படகு சார். செல்லுல படம் அனுப்புவான், பிடிச்சதைச் சொன்னா லாரியில வந்து இறங்கிடும்" என்றார். ரொம்ப சந்தோஷம். "அதுல யாரு நின்னு வலை இழுக்கப் போறாங்கன்னு யாராச்சும் கேக்குறீங்களா?" என்றேன். அவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். சரி, எழுதிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

நான் வையம்பட்டிக்காரன். எங்கள் பக்கத்தில் கிணற்றை எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரியும். மீன் என்றால் சந்தைக்கு வரும் கருவாடு. ஐம்பதுகளின் கடைசியில் வேலை கிடைத்தது. பயிற்சியில் செதிலை எண்ணக் கற்றுக் கொடுத்தார்கள், மீன் குஞ்சுகளைச் சாகவிடாமல் பானையில் ஊர் ஊராகக் கொண்டுபோகக் கற்றுக் கொடுத்தார்கள். நீச்சல் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திருச்சியில் போட்டார்கள். உறையூரில் ஒரு வீட்டைப் பிடித்து, ஒரு சைக்கிளையும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் வரதாச்சாரி. ஸ்ரீரங்கத்துக்காரர். விடியற்காலையில் பெருமாளைச் சேவித்து, வீட்டில் திருவாராதனத்தையும் முடித்துக்கொண்டு, நெற்றியில் திருமண் பளிச்சென்று, கையில் குடையோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். மீனை வாயில் வைத்ததில்லை. அவர் வீட்டில் அந்தச் சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார்களாம், "ஆபீஸ் சமாச்சாரம்" என்பார்களாம். ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்தே இது நேற்றுப் பிடித்ததா இன்றா என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை மார்க்கெட்டில் ஒரு பெண், "சாமி, ஒரு துண்டுகூடத் தின்னதில்லை, எங்க மீனுக்கு நீங்க அதிகாரியா?" என்று வம்புக்கு இழுத்தாள். இவர் சிரிக்காமல், "பந்தல்காரன் பந்தியில உக்காந்துட்டா பந்தல் யாரு போடறது?" என்றார். அந்தத் தெருவே சிரித்தது.

அவர் குரலை உயர்த்தியதே இல்லை. பியூனைக்கூட "வாங்கோ, உக்காருங்கோ" என்பார். பயமே அங்கேதான். நாம் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நனைஞ்சேளா?" என்பார். தண்ணீரில் இறங்கிப் பார்த்து எழுதினாயா, கரையில் நின்றே எழுதினாயா என்று அர்த்தம். "இல்லை சார்" என்றால் தாளைத் திருப்பி நம் கையிலேயே கொடுத்துவிடுவார். "நனைஞ்சுட்டு வாங்கோ, அப்புறம் படிக்கறேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜீயபுரத்துப் பக்கம், காவிரியின் தென்கரையில், வாழைத் தோட்டங்களை ஒட்டி ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் மேலணையின் மதகுகள் வரிசையாகத் தெரியும். ஆறு அங்கேதான் இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தின் இரு பக்கமும் போகிறது. அணைக்கு மேலே அகலமாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் கெண்டையும் வாளையும் கெளுத்தியும் கிடைக்கும். அவர்கள் பிடித்ததெல்லாம் பரிசலில்தான். மூங்கிலை முடைந்து தோல் போர்த்திய வட்டக் கூடை. இருவர் ஏறலாம்.

நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தைய ஆடியில், மேற்கே பெய்த மழையில் தண்ணீர் திடீரென்று ஏறி, கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. ஆற்றின் நடுவில் இருந்த ஒரு பரிசலின் தோல், மிதந்து வந்த மரத்தில் கிழிந்தது. அதில் இருந்த சின்னையனை வெள்ளம் மதகுப் பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் உடல்தான் கிடைத்தது. அவர் மனைவி மாரியாயிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள்.

அந்தக் குடியிருப்புக்கு அரசாங்கம் ஓர் அலுமினியப் படகு கொடுப்பதாக முடிவாயிற்று. ஒன்றே ஒன்று. தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் பொறுப்பை வரதாச்சாரி என் தலையில் கட்டினார். தவறாக எடுத்துவிட்டால் மாற்றுவதற்கு வழியில்லை, இன்னொன்றும் வராது.

நான் முதல் நாள் அங்கே போனபோது குடியிருப்பின் நாட்டாண்மை பெரியண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஆண்கள் எல்லாம் சுற்றி நின்று படகு எவ்வளவு நீளம், மோட்டார் உண்டா என்று கேட்டார்கள். மாரியாயி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார்.

"சார், நான் கேக்குறது ஒண்ணுதான். நீங்க எடுக்குற படகுல நான் நின்னு வலை இழுக்க முடியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருவர் கனைத்தார். பெரியண்ணன், "ஏ மாரியாயி, பொம்பளை படகுல ஏறுறதாவது, போ அந்தாண்ட" என்றார்.

"ஏன், ஏறினா ஆறு வத்திப் போயிடுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம். வலையில் கை வைத்தவர்களுக்குத்தான் பங்கு. கை வைக்க ஆள் இல்லாத வீட்டுக்குக் குழம்புக்கு நாலு மீன் கொடுப்பார்கள், இரக்கப்பட்டு. பங்கு கிடையாது. மாரியாயியின் வீட்டில் கை வைக்க ஆள் இல்லை. அவருடைய அண்ணன் சமயபுரத்தில் கோயில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருந்தார். அங்கே வந்துவிடச் சொன்னார். "அண்ணன் நல்லவருதான் சார். ஆனா தினம் காலையில இன்னொருத்தி மூஞ்சியைப் பாத்து என் புள்ளைங்க சோத்துக்கு நிக்கணும். எனக்கு வேணாம். நான் இந்த ஆத்துலதான் பொழைப்பேன்" என்றார். சின்னையனின் தம்பி தங்கராசு, "அண்ணி என்கூட ஏறட்டும் சார், எனக்கு ஒண்ணும் இல்லை" என்றார். அவருக்கும் துணையாள் இல்லை. ஊர் வாய் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குடும்பம் ஆற்றங்கரையில் இருக்குமா, சமயபுரத்துக்குப் போகுமா என்பது நான் எடுக்கப் போகும் படகில் வந்து நின்றது.

சித்திரை வெயிலில் ஒரு மதராஸ் கம்பெனி மூன்று படகுகளை லாரியில் கொண்டுவந்து மணலில் இறக்கியது. கம்பெனி ஆள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசினார். நான் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, குடியிருப்புப் பெண்களிடம் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து படகுக்குள் ஊற்றச் சொன்னேன்.

"சார், படகைத் தண்ணியில விடணும், தண்ணியைப் படகுல விடக் கூடாது" என்று கம்பெனி ஆள் சிரித்தார்.

என் மனைவி பாத்திரக் கடையில் இதைத்தான் செய்வாள். அலுமினியக் குண்டானில் தண்ணீரை நிரப்பி, காய்ந்த கல்லின் மேல் வைத்துவிட்டு, கடைக்காரரோடு பத்து வார்த்தை பேசுவாள். பிறகு தூக்கிப் பார்ப்பாள். கல் ஈரமாக இருந்தால் பாத்திரம் வேண்டாம். படகும் ரிவெட் ஆணி அடித்துச் சேர்த்த தகடுதானே? முதல் படகு கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கமெல்லாம் வியர்த்தது. அதை அப்படியே லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். கம்பெனி ஆளின் சிரிப்பு நின்றது.

மற்ற இரண்டும் வியர்க்கவில்லை. அடுத்து, பழைய வலைத் துண்டு ஒன்றை எடுத்து உள்பக்கம் முழுக்க இழுத்துப் பார்த்தேன். ரிவெட் தலை எங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கே நூல் மாட்டும். மாட்டிய இடத்தில் எல்லாம் கரியால் கோடு போட்டு, கம்பெனி ஆளைவிட்டே அரத்தால் தேய்க்க வைத்தேன். பிறகு வெயில். உச்சி வெயிலில் வெறுங்காலோடு உள்ளே நின்றேன், தோசைக்கல்தான். நனைத்த சாக்கு விரித்துப் பார்த்தோம், நிற்க முடிந்தது. சாக்கு விரித்ததில் இன்னொரு லாபம், தண்ணீர் தகட்டில் அடிக்கும் டமடம சத்தமும் அடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மீன் கிட்டேயே வராது என்று பெரியண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தார், அவர் சொன்னது சரி. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைப் படகில் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

மிஞ்சிய இரண்டில் ஒன்று பார்க்க லட்சணம். மூக்கு கூர்மையாக, இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல் தட்டையாக. தண்ணீரில் விட்டதும் வாத்து மாதிரி நின்றது. குடியிருப்பே மயங்கிவிட்டது. மற்றது அடி தட்டை, அகலம் அதிகம், இரண்டு முனையும் ஒரே மாதிரி சதுரம். மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டியைச் செய்யச் சொன்னால் இப்படித்தான் செய்வார்கள்.

"சார், கூர்ப்படகுதான் எங்களுக்கு" என்றார் பெரியண்ணன். "இதுல போனா அக்கரைக்காரன் பாத்து வயிறெரிவான்."

மாரியாயிக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஒளிப்பானேன், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

"சரி, ஏறுங்க. வலிச்சுக் காட்டுங்க" என்றேன். தங்கராசுவும் பெரியண்ணனும் ஆளுக்கொரு துடுப்போடு ஏறினார்கள். அப்போது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். இருவரும் மூச்சைப் பிடித்து வலித்தார்கள். படகு நகரவே இல்லை. தங்கராசு தான் பார்க்கும் பக்கம்தான் முன்பக்கம் என்று வலிக்கிறார், பெரியண்ணன் தான் பார்க்கும் பக்கம்தான் முன்பக்கம் என்று வலிக்கிறார். கரையில் பெண்கள் விழுந்து புரண்டு சிரித்தார்கள். "நாட்டாமை, கயிறு கட்டியிருக்கா பாருங்க" என்று யாரோ கத்தினார்கள்.

நான் சிரித்துக்கொண்டே இருந்தவன், சட்டென்று சிரிப்பை நிறுத்தினேன். இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று பட்டது. பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எந்தப் பக்கம் பார்த்து உட்கார்கிறார்களோ அதுதான் முன்பக்கம். மீன் அந்தப் பக்கம் துள்ளினால் பரிசலைத் திருப்ப மாட்டார்கள், தாங்கள் திரும்பிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் உடம்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆற்றில் அவசரம் வந்தால் ஆள் யோசித்துச் செய்வதில்லை, பழக்கம்தான் செய்யும். அந்த நேரத்தில் கூர்ப்படகு இவர்களுக்குப் பழக்கமாகியிருக்குமா?

வலை இழுப்பதையும் யோசித்துப் பார்த்தேன். பரிசலில் ஒருவர் வலையை இழுக்கும்போது மற்றவர் எதிர் விளிம்புக்கு நகர்ந்து எடையைச் சமன் செய்வார். கூர்ப்படகில் நகர்வதற்கு எதிர் விளிம்பு எங்கே இருக்கிறது? ஒரு முழம்கூடத் தள்ளிப் போக முடியாது. இதைச் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். "இதை எழுதிடறேன் சார்" என்று வரதாச்சாரியிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அடுத்த கேள்வி தெரியும். "நாளைக்கு நனையறேன் சார்" என்று நானே சொல்லிவிட்டேன். "நானும் வரேன்" என்றார் அவர்.

மறுநாள் மூங்கில் கழியால் ஆழம் பார்த்து, நெஞ்சளவுத் தண்ணீர் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். வலையில் கல்லைக் கட்டி மூழ்க வைத்தோம். தங்கராசுவும் பெரியண்ணனும் கூர்ப்படகில் ஏறினார்கள். நடுவில் நான். "சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று தங்கராசு காதோரம் கேட்டார். "வலையை இழுய்யா" என்றேன். நீச்சல் தெரிந்தவனுக்கு நெஞ்சளவுத் தண்ணீர் விளையாட்டு. வையம்பட்டிக்காரனுக்கு அது சமுத்திரம்.

தங்கராசு இழுத்தார். கல் கனத்தது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரியண்ணன் பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் நகரப் பார்த்தார். நகர இடமில்லாமல் கால் தடுக்கி, அவரும் சாய்ந்த பக்கமே வந்து விழுந்தார். அவ்வளவுதான். வானம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மூக்கிலும் வாயிலும் காவிரி. தங்கராசு என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். கவிழும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன். ஆகவே அது இறங்கியது, விழுந்தது இல்லை. கரையோரம் வரதாச்சாரி குடையோடு, முட்டிவரை தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இப்ப எழுதலாம்" என்றார்.

அதே வலை, அதே கல்லோடு தொட்டிப் படகிலும் ஏறினோம். அது சாய்ந்தது, முனகியது, கவிழவில்லை. பெரியண்ணன் எதிர் விளிம்புக்குப் போய் உட்கார இடமிருந்தது. நான் தொட்டியைத்தான் எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் குடியிருப்பில் பெரிய ரகளை. "எங்களை என்ன மாடுன்னு நினைச்சீங்களா?" என்றார் ஒருவர். "இது அந்தப் பொம்பளைக்காக எடுத்த படகு, எங்களுக்காக இல்லை" என்றார் இன்னொருவர்.

வரதாச்சாரி பெரியண்ணனை மட்டும் அழைத்து, குடை நிழலில் நிற்க வைத்துக்கொண்டார். "பெரியண்ணன், உங்க சங்கடம் புரியறது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. புதுத் தண்ணி வரச்சே அந்தக் கூர்ப்படகுல உங்க பிள்ளையை அனுப்புவேளா?" பெரியண்ணன் ஆற்றைப் பார்த்தார். ஈரத் துண்டைப் பிழிந்தார். "உங்க இஷ்டம் சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்மதம்தான், ஆனால் கசப்பான சம்மதம்.

மாரியாயி என்னை விடவில்லை. "நல்லா இருங்க சார். நான் ஒரு படகு கேட்டேன், நீங்க என்னை ஊர் வாயில போட்டுட்டீங்க. தண்ணிக் குழாய்ல இருந்து கோயில் வரைக்கும் தொட்டிக்காரி தொட்டிக்காரிங்குறாங்க." "பிடிக்கலைன்னா ஏற வேணாம்மா" என்றேன். அவருக்கு மூக்கு விடைத்தது. "ஏறாம? ஏறாம விட்டா அவங்க பேசினது சரின்னு ஆயிடும். நாளையிலேருந்து ஏறுறேன். துடுப்பு எங்க?"

மறுநாளே ஏறினார். கொழுந்தனும் அவரும் தங்கள் முறை வந்த நாளெல்லாம், இரண்டு மாதம் அந்தத் தண்ணீரில் பழகினார்கள். கை கொப்பளித்து, துணி சுற்றிக்கொண்டு வலித்ததை நானே பார்த்தேன். வலையில் கை வைத்தார், ஆகவே பங்கு கேட்டார். பெரியண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். "அரைக் கைக்கு முழுப் பங்கு" என்று அவர் மனைவி முதுகுக்குப் பின்னால் சொல்வதும் மாரியாயியின் காதில் விழும். அவர் மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்குச் சில நாள் முன்பு, படகின் ரிவெட்டுகளைப் பார்க்க நான் காலையில் அங்கே போயிருந்தேன். இருவரும் போட்ட வலையை எடுக்க ஆற்றின் நடுவே போயிருந்தார்கள். நான் சைக்கிளை வாழையில் சாய்த்துக்கொண்டிருக்கும்போதே கரையில் கூச்சல். மேற்கே பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. முன்னால் வாழைத் தண்டுகள், குச்சி, ஒரு முழுக் கூரை. போன வருஷம் போலவே யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்துவிட்டது.

படகு வெள்ளத்தோடு கிழக்கே தள்ளிப் போக ஆரம்பித்தது. கிழக்கே மதகுகள். வலை எதிலோ சிக்கி, படகைப் பிடித்து இழுத்தது. பெரியண்ணன் இரண்டு கையையும் வாயில் குவித்து, "தங்கராசு, திருப்பு! படகைத் திருப்புடா!" என்று கத்தினார். தங்கராசு திருப்பத் தொடங்கினார். படகு பாதி குறுக்கே வந்ததுமே வெள்ளம் அதன் பக்கத்தில் மோதியது. ஒரு விளிம்பில் தண்ணீர் உள்ளே ஏறியது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்ததில்லை. நான் எடுத்துக் கொடுத்த படகு. நான் ஏறச் சொன்ன பெண். முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன், அதற்கு மேல் என் கால் வரவில்லை. நீச்சல் தெரியாத என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது மாரியாயியின் குரல் கரை வரைக்கும் கேட்டது. "திருப்பாத! நீ திரும்பு! நீ திரும்புடா தம்பி!"

இடுப்புக் கத்தியை எடுத்து வலைக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார், படகு மறுபடி ஓட்டத்துக்கு நேரானது. வெள்ளம் வந்த பக்கத்துக்கு முகத்தைக் காட்டி மண்டியிட்டார். தங்கராசுவும் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்த இடத்தில் திரும்பினார். படகைத் திருப்பவே இல்லை. ஆட்கள் மட்டும் திரும்பினார்கள். அதுவரை பின்பக்கமாக இருந்தது முன்பக்கம் ஆனது. பரிசலில் வலிப்பது போலவே துடுப்பை முன்னால் குத்தித் தங்கள் பக்கம் இழுத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். படகு மேற்கே முன்னேறவில்லை, ஆனால் மதகுப் பக்கம் போகும் வேகம் மட்டுப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, கோணலாக, தென்கரைப் பக்கம் ஒதுங்கியது. வெகு கீழே, நாணல் அடர்ந்த இடத்தில் போய் மோதி நின்றது. பெரியண்ணன் என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். எல்லோரும் ஓடினோம்.

மாரியாயி நாணலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், வலை போச்சு" என்றார். பிறகு ஓவென்று அழுதார். தங்கராசு அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன். பெரியண்ணன் படகின் சதுர முனையைக் கையால் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் நின்றார்.

பதினெட்டாம் பெருக்கு அன்று வரதாச்சாரியும் வந்திருந்தார். கூட்டத்துக்கு வெளியே குடை பிடித்து நின்றுகொண்டார். ஆற்றுக்குக் காதோலை கருகமணி விட்டு, சித்திரான்னம் படைத்து, படகுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம். பெரியண்ணனின் மனைவி தட்டோடு வந்து, படகை இந்த முனையும் அந்த முனையும் பார்த்துவிட்டு, "இதுக்கு மூஞ்சி எது, முதுகு எது? எங்கடி வைக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியண்ணன் சிரிக்கவில்லை. தட்டை மனைவியின் கையிலிருந்து வாங்கினார். புருஷன் போனவள் குங்குமத் தட்டின் பக்கம் வரக் கூடாது என்று தூரத்தில், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மாரியாயியிடம் நேராகப் போனார். "மூஞ்சி எதுன்னு உனக்குத்தான் தெரியும். நீ வை தாயி" என்றார்.

"நான் எப்படிங்க..." என்றார் மாரியாயி.

"நான் சொல்றேன்ல. வை."

மாரியாயி பிள்ளைகளின் கையை விட்டார். தட்டிலிருந்த குங்குமத்தை விரலில் தொட்டுக்கொண்டு படகைச் சுற்றி நடந்தார். அன்றைக்குப் புறப்படும்போது பின்பக்கமாக இருந்த முனையின் முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் பக்கந்தான் என்னை என் புள்ளைங்ககிட்ட கொண்டாந்து விட்டுச்சு" என்று சொல்லி, பொட்டை அழுத்தி வைத்தார். பெரியண்ணன் அந்த முனையில் கையை வைத்துத் தள்ளினார், படகு தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்பில் யாரும் அதைத் தொட்டி என்று சொல்லி நான் கேட்கவில்லை.